பங்க் குழாய்த் தண்ணீரும் ராமேஸ்வரம் சாலையில் நிற்கிற வண்டிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆடி அமாவாசை நெருங்கினால், பரமக்குடி தாண்டி ராமேஸ்வரம் வரைக்கும் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரங்கட்டி நிற்கிற வண்டிகள் கூடிவிடும். வெளியூர் வேன் இருக்கும், குடும்பத்தோடு வந்த கார் இருக்கும், மண்டபத்தில் மீன் ஏற்றி மதுரைக்குக் கிளம்பிய மினி லாரியும் இருக்கும். கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: "நல்லாத்தானே வந்துச்சு, பொசுக்குன்னு நின்னுருச்சு." இன்ஜின் அப்படிப் பொசுக்கென்று நிற்பது அபூர்வம். பத்து நாளாகவோ ஒரு மாதமாகவோ அது சாடை காட்டிக்கொண்டுதான் வந்திருக்கும். அந்தச் சாடைகள் எவை, எங்கே பார்த்தால் தெரியும் என்பதை நம் கடற்கரைக்கே உரிய சில சங்கதிகளோடு சேர்த்து எழுதுகிறோம். பெட்ரோல் பங்குக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு.

முதலில் தண்ணீர். ரேடியேட்டரில் குறைந்தால் கிடைத்த இடத்தில் பிடித்து ஊற்றுவதுதான் நடைமுறை. நம் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் போர் தண்ணீர், அதுவும் கடலோரத்தில் வாயில் வைத்தாலே கரிக்கிற தண்ணீர். குடிநீரிலேயே லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை குளோரைடு இருக்கலாம் என்கிறது இந்தியத் தர அளவுகோல். வேறு தண்ணீரே கிடைக்காத ஊருக்கு 1000 வரை விட்டுக்கொடுக்கிறது. ஆனால் கனரக இன்ஜின் தயாரிப்பாளர்கள் ரேடியேட்டர் தண்ணீருக்கு வைத்திருக்கும் வரம்பு 40 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. குடித்தால் நமக்கு ஒன்றும் செய்யாத தண்ணீரே இன்ஜினுக்கு ஆகாது எனும்போது, கரிக்கிற தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த உப்பு உள்ளே போய் இரண்டு வேலை செய்கிறது. இன்றைய வண்டிகளில் சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களுக்கு மேல்மூடி), வாட்டர் பம்ப்பின் கூடு, ரேடியேட்டர் எல்லாம் பெரும்பாலும் அலுமினியம். குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஹெட்டின் அடிப்பக்கம், தண்ணீர்த் துளைகளைச் சுற்றி அந்த அரிப்பு தொடங்கினால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கிற கேஸ்கெட் தகடு புதிதாகவே இருந்தாலும் பிடிமானம் கிடைக்காது. இன்னொன்று, வெந்நீர்ப் பானையின் அடியில் கட்டுகிறதே வெள்ளைப் பொருக்கு, அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சிலிண்டரைச் சுற்றியும் கட்டும். வெப்பம் வெளியே வர வழி குறுகிவிடும்.

நம் ஊரில் பனி உறைவது கிடையாது, பிறகு ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற கூலன்ட் திரவம் எதற்கு என்று சில டிரைவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உறையாமல் காப்பது கூலன்ட்டின் பாதி வேலை மட்டுமே. மீதிப் பாதி, அரிப்பைத் தடுக்கும் மருந்தும் கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்துவதும். கெட்டிக் கூலன்ட் மூன்றில் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பங்கு என்பது நம் வெயிலுக்குப் போதும். ஆறு லிட்டர் பிடிக்கிற வண்டிக்கு 2 லிட்டரும் 4 லிட்டரும். வண்டியின் கையேட்டில் பாதிக்குப் பாதி என்று போட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள். கலந்து ரெடியாக விற்பதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. நடுவழியில் எதுவுமே கிடைக்காவிட்டால் கேன் தண்ணீர் பரவாயில்லை. ஊர் வந்ததும் வடித்துவிட்டுச் சரியான கலவையை ஊற்றிக்கொள்ளலாம்.

இன்ஜினின் தண்ணீர் ஓட்டம் மூடிய அமைப்பு. நல்ல வண்டியில் மாதக்கணக்கில் அளவு மாறாது. வாரம் ஒருமுறை அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் அதுவே முதல் நோய்க்குறி. "தண்ணி கொஞ்சம் குடிக்கும், மத்தபடி வண்டி நல்ல வண்டி" என்று விற்பவர் சொன்னால் வாங்குபவர் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்வது உத்தமம். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் எழுதி வையுங்கள். வெளிக்கசிவு என்றால் சூட்டில் ஆவியாகிவிடுவதால் தரையில் சொட்டு விழாமலே போகலாம். தடம் மட்டும் நிற்கும். ஹோஸ் கிளிப்பின் ஓரம், ரேடியேட்டரின் கீழ்த்தொட்டி, வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்னக் கசிவுத் துளை ஆகிய இடங்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த பொருக்கைத் தேடுங்கள். வெளியே எங்கேயும் தடமில்லை, ஆனாலும் குறைகிறது என்றால் தண்ணீர் உள்ளே போகிறது.

இந்த இடத்தில் டெம்பரேச்சர் முள்ளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சென்சார் தண்ணீரின் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் வற்றி அது வெற்று ஆவியில் நின்றால் முள் உயராது, சில வண்டிகளில் இறங்கவும் செய்யும். டிரைவர் நிம்மதியாக மிதிப்பார், உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும். ஏறியிருந்த முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் அதைச் சிவப்பு விளக்குக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டர் மூடியை யாரும் ஒரு பாகமாகவே மதிப்பதில்லை. 0.9 முதல் 1.1 பார் (அழுத்தத்தின் அலகு) வரை அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் ஸ்பிரிங்தான். அந்த அழுத்தம் இருந்தால் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காது. மூடி லூஸ் என்றால் 100-லேயே கொதித்துப் பாட்டில் வழியாகப் பொங்கும். ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் துருவேறியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். மறுபக்கம், காலையில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) சப்பிப்போய் ஒட்டிக் கிடந்தால் மூடியின் நடுவில் இருக்கும் வேக்குவம் வால்வு திறக்கவில்லை என்று பொருள்.

எப்போது சூடாகிறது என்பதை வைத்தே பாதிக் காரணத்தைப் பிடித்துவிடலாம். ஓட்டத்தில் சரியாக இருந்து, பாம்பன் பாலத்தில் கடலையும் ரயில் பாலத்தையும் பார்க்க நிற்கிற கூட்டத்தில் ஊரும்போது மட்டும் ஏறுகிறது என்றால் ஃபேனைப் பாருங்கள். நம் கடல்காற்றில் ஃபேன் கனெக்டரின் செம்புப் பின்களில் பச்சைக் களிம்பு பூத்துவிடும், எர்த் வயர் போல்ட்டிலும் துரு ஏறிவிடும். மோட்டார் நன்றாக இருந்தும் கரண்ட் போய்ச் சேராது. பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டதும் ஃபேன் ஓட வேண்டும். அதுவே எளிய சோதனை. மாறாக, ஊர்வதில் சரியாக இருந்து, லோடோடு 70, 80-இல் போகும்போது மட்டும் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது அல்லது வெளியே தகடுகள் அரித்துப்போயிருக்கின்றன. நகத்தால் லேசாகச் சுரண்டினால் தகடு பொடியாக உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் கழுவி லாபமில்லை, மாற்ற வேண்டியதுதான். உதிராத ரேடியேட்டரை வாரம் ஒருமுறை, இன்ஜின் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரால் இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி மெதுவாகக் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷரை நேராகப் பிடித்தால் தகடுகள் மடிந்துவிடும்.

ஹெட் கேஸ்கெட் போனதா என்று தெரிந்துகொள்ள மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரவு முழுக்க ஆறிய வண்டியில் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருக்க வேண்டும். விடிகாலையிலும் விறைப்பாக இருந்தாலோ, ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் கல் மாதிரி ஆனாலோ, சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் ஏறுகிறது. அடுத்து, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து கழுத்து வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் நாலைந்து குமிழி வருவது உள்ளே சிக்கிய காற்று, அது அடங்கிவிடும். அடங்காமல், ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க குமிழியும் கூடினால் சந்தேகமே வேண்டாம். இன்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்தி மூடியைப் போட்டுவிடுங்கள்.

பிறகு ஆயில் மூடியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் பால் கூடின காபியின் ஆடை மாதிரி வெளுத்த பசை அப்பியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். 'கலந்திருக்கலாம்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில், நம் ஈரக்காற்றுக்கு, மூடியில் கொஞ்சம் ஆடை கட்டுவது இயல்பு. ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்தால்தான் தீர்மானம். இன்னும் ஐயமென்றால் ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை, நன்றாகக் காய்ந்த பழைய இரும்புக் கல்லில் விடுங்கள். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவிப் புகையும். தண்ணீர் இருந்தால் கடுகு தாளித்தது போலச் சடசடவென்று வெடிக்கும். வீட்டுத் தோசைக்கல்லைத் தொட்டுவிடாதீர்கள், அதற்கு வேறு விளைவு இருக்கிறது. ஆயிலில் தண்ணீர் உறுதியான பிறகு பட்டறை வரைக்கும்கூட ஓட்டிப் போகக் கூடாது, கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். தண்ணீர் கலந்த ஆயிலுக்கு கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) பேரிங்கைத் தாங்குகிற வலு இல்லை. கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய செலவு கிராங்க் வரை போய்விடும்.

புகையின் நிறம் பலருக்குத் தெரியும். அது வருகிற நேரத்தைத்தான் கவனிப்பதில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ராத்திரி நின்று காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல், அவசரமில்லை. லோடு இழுக்கும்போது விடாமல் வந்தால் பிஸ்டனைச் சுற்றிய ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரான லைனரும் தேய்ந்திருக்கின்றன. டர்போ உள்ள வண்டியில் டர்போ சீலையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். கறுப்புப் புகை டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, ஏர் ஃபில்டரை முதலில் பார்த்துவிட்டு இன்ஜெக்டருக்குப் போங்கள். வெள்ளைப் புகை காலையில் கொஞ்ச நேரம் வந்து மறைந்தால் வெறும் ஈரம். இன்ஜின் சூடான பிறகும் கெட்டியாக, லேசான தித்திப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. டீசல் வண்டியில் கண்ணெரிகிற வெள்ளைப் புகை எரியாத டீசல்.

தனுஷ்கோடிப் பக்கம் போகிற வண்டிகளுக்கு இன்னொரு எதிரி மணல். 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டதால் மணலில் இறங்குகிற தேவை இல்லை. ஆனால் ஆடிக்காற்றில் மணல்தான் ரோட்டுக்கு வந்துவிடுகிறதே. ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாயின் கிளிப் லூஸாக இருந்தாலோ, ஃபில்டர் விளிம்பு சரியாக உட்காராவிட்டாலோ, அந்தப் பொடி மணல் நேராகச் சிலிண்டருக்குள் போகும். லைனரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். ஃபில்டரைக் கழற்றிய பிறகு, சுத்தமான காற்று போகிற பக்கத்துக் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரல் நரநரவென்று இருந்தால் ரிங் தேய்மானம் ஏற்கனவே ஆரம்பித்துவிட்டது. ஃபில்டரை ஊதும்போது உள்பக்கமிருந்து வெளியே, குறைந்த காற்றழுத்தத்தில் ஊத வேண்டும். ஊதியபின் உள்ளே டார்ச் அடித்து, எங்கேயாவது ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் தூக்கி எறியுங்கள்.

ரிங் தேய்ந்ததை ஆயில் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை பரவாயில்லை என்று சில கம்பெனிக் கையேடுகளில் இருக்கிறது. அது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட தாராளம். அரை லிட்டர் தாண்டினாலே காரணம் தேடுவது நல்லது. ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து அப்படியே துளையின் மேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பாதகமில்லை. குபுகுபுவென்று புகை தள்ளி மூடியைத் துள்ள வைத்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுங்குகிற காற்றின் அழுத்தம்) ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது. ஆயில் குறைவதை விட மோசம், ஆயில் கூடுவது. ஊற்றாமலே டிப் ஸ்டிக்கில் அளவு ஏறினால் தண்ணீரோ டீசலோ கலக்கிறது. மோந்து பார்த்தாலே டீசல் தெரிந்துவிடும்.

ஆயில் மாற்றும்போது வடிந்த ஆயிலை வெயிலில் வைத்துப் பாருங்கள். மினுமினுவென்று பொடி மிதந்தால் ஒரு காந்தத்தை விட்டு எடுங்கள். ஒட்டினால் இரும்பு: ரிங், லைனர் அல்லது கேம். ஒட்டாமல் வெள்ளியாக மின்னினால் பிஸ்டன் அல்லது பேரிங். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடுத்த அடுக்கு தேய்கிறது, அப்போது நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

சத்தத்தை எழுத்தில் சொல்வது கஷ்டம், ஆனாலும் முயல்கிறோம். தையல் மிஷின் மாதிரி மேலிருந்து வருகிற டிக் டிக் டேப்பட். ஒருமுறை செட் செய்தால் சரியாகும். ஆறிய இன்ஜினில் மட்டும் கேட்டுச் சூடானதும் மறைகிற கட்டைச் சத்தம் பிஸ்டன் ஆட்டம், இன்னும் கொஞ்ச நாள் ஓடும். கீழிருந்து, கதவைச் சுத்தியலால் தட்டுவது போல் அழுத்தமாக, மிதிக்க மிதிக்க வலுத்துக் கேட்டால் கனெக்டிங் ராடு பேரிங். அதைக் கேட்ட பிறகு ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் ராடு பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரலாம். பழைய டீசல் வண்டியில் இன்ஜெக்டர் குழாயை லூஸ் செய்து எந்தச் சிலிண்டர் என்று பார்ப்பார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில் வண்டியில் அந்த வித்தையைக் காட்டக் கூடாது. குழாயில் ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம் ஏறக்கூடியது, பீய்ச்சியடிக்கிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

சிவப்பு ஆயில் விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். அடுத்த பங்க் வரை என்று கணக்குப் போடக் கூடாது. சூடான பிறகு ஐட்லிங்கில் மட்டும் மினுக்கென்று எரிந்து, லேசாக மிதித்ததும் அணைந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம் அல்லது ஆயில் நீர்த்திருக்கலாம். சாவியைத் திருப்பும்போது இந்த விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பல்பே போன வண்டியில் அது என்றைக்குமே எச்சரிக்காது.

வழியில் சூடேறிவிட்டால்? முள் நடுவைத் தாண்டி ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திருப்பி, வேகத்தைக் குறையுங்கள். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ உடனே நிறுத்தி அணைக்க வேண்டும். தீவுக்கு ரோடு வழி 1988-இல் திறந்த பாம்பன் பாலம் ஒன்றுதான், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் மறித்துக்கொள்ளும். முள்ளில் சந்தேகம் வந்தால் மண்டபத்திலேயே நின்று பார்த்துவிட்டு ஏறுங்கள். நின்ற பிறகு முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். அழுத்தம் விட்டதும் உள்ளே இருப்பது ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். சுடுகிற இன்ஜின் மேலே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது இன்னும் நிற்காத பழக்கம். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், சுருங்கும். அந்த இழுப்பில் ஹெட் வளையும், சில நேரம் விரிசலே விடும். பல கார் இன்ஜின்களில் ஹெட் 0.05 மில்லிமீட்டர் வளைந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. அதனால் ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் தளம் பார்க்காமலும், விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்யாமலும் புதுக் கேஸ்கெட்டைப் போட்டு மூட விடாதீர்கள். கழற்றுவதற்கு முன்பே நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். டீசலில் பொதுவாக 25 முதல் 30 பார் வரை இருக்கும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதம் தாண்டினால் அங்கே வேலை இருக்கிறது.

மழைக்காலத்துக்கு ஒன்றே ஒன்று. வெள்ளத்திலோ கடல் தண்ணீரிலோ இறங்கி நின்றுபோன வண்டியை மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, ராடுதான் வளையும்.

நாட்டு வைத்தியம் இரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஒழுகுகிற ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது அந்த நேரத்துக்கு ஊர் சேர்க்கும், மறுக்கவில்லை. ஊர் சேர்ந்ததும் கழுவி எடுக்காவிட்டால் அதே தூள் நல்ல குழாய்களையும் அடைத்துவிடும். சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது அதைவிடக் கெடுதல். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி, சூடு முன்பைவிட ஏறும். மற்ற இன்ஜின்களில் தேவையான சூடே ஏறாமல் டீசல் கூடுதலாகப் போகும், ஆயிலில் சகதி கட்டும்.

கடைசியாக, சொன்ன வேண்டுகோள். பெட்ரோல் பங்குகளில் வண்டிக்காரர்களுக்காக ஒரு தண்ணீர்க் குழாய் வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். நம் கடலோரத்தில் பல இடங்களில் அந்தக் குழாயில் வருவது போர் தண்ணீர். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடுவையும் கிடக்கும். சூடான வண்டியோடு வருகிற வெளியூர்க்காரர் அதைத்தான் எடுத்து ஊற்றுவார், குற்றம் சொல்ல முடியாது. அந்தக் குழாய்க்கு மேலே "ரேடியேட்டரில் ஊற்ற வேண்டாம்" என்று ஒரு தகரப் பலகை மாட்டி, உள்ளே ஆயில் அடுக்கியிருக்கிற அலமாரியில் ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் நாலைந்து வைத்துவிட்டால் போதும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரையிலும், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் உள்ள பங்குகள் இந்த அமாவாசைக்கு முன்பே இதைச் செய்ய, தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இன்ஜின் வேலை பார்க்கும் பட்டறைக்காரர்கள்,
உச்சிப்புளி, மண்டபம்